பிரிந்த பெற்றோரும் வருமான வரியும்



விவாகரத்தைப் பற்றிப் பேச ஆடிட்டரைக் கூப்பிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. வக்கீலைக் கூப்பிடுவார்கள், மனநல மருத்துவரைக் கூப்பிடுவார்கள், பெரியவர் யாராவது வந்து புத்தி சொல்லுவார். ஆடிட்டரிடம் வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். தீர்ப்பு நகல் வாங்கி, பணம் கைமாறி, ஒன்றரை வருஷம் கழித்து வருமான வரித் துறையின் மின்னஞ்சலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். சமாதான ஒப்பந்தம் எழுதிய அன்றைக்கு ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் போதும். அதைக் கையெழுத்தான பிறகு சேர்க்க முடியாது. ஆகவே இன்றைக்கு நான் பேசப்போவது, கையெழுத்துக்கு முன்னால் இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான்.

நம் நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போட வழியில்லை. ஆளுக்கொரு பான் எண், ஆளுக்கொரு கணக்கு. திருமணம் நடந்தாலும் முறிந்தாலும் வரி விகிதம் அதேதான். இதை வைத்துத்தான் விவாகரத்துக்கும் வரிக்கும் என்ன சார் சம்பந்தம் என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். பிள்ளை இல்லை, இருவருக்கும் சம்பளம் உண்டு, யாரும் யாருக்கும் ஒன்றும் தரப்போவதில்லை என்றால் அவர்கள் கேட்பது சரி. பிள்ளை இருந்தால் ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுக்குப் போயே தீரும். போகிற வழியில் வரிச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சட்டத்துக்குப் பிள்ளை வளர்ப்பு ஒரு செலவாகத் தெரிவதே இல்லை. ஒரு காலத்தில் தெரிந்தது. 1950-களின் பிற்பகுதியில் மணமானவருக்குக் கூடுதல் விலக்கு இருந்தது. பிள்ளைக்கு 300 ரூபாய் வீதம், இரண்டு பிள்ளை வரைக்கும் சலுகையும் இருந்தது. அதெல்லாம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது பிள்ளையின் பெயரில் வட்டியோ வாடகையோ வந்தால் மட்டும் சட்டம் கண் திறக்கிறது. சோறு போடுவது யார், பீஸ் கட்டுவது யார் என்று கணக்குப் பார்த்துக் கழிவு தர அதற்கு மனமில்லை.

முதலில் பணம் கொடுப்பவரைப் பார்ப்போம். தகப்பன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் ஜீவனாம்சம் பற்றிய இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கணவன், மனைவி இருவருக்கும் பொது. மனைவி கொடுத்த வழக்குகளும் உண்டு. அந்தத் தகப்பன் என் எதிரில் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். “நீதிமன்றம் உத்தரவு போட்டது, மாதாமாதம் போகிறது, நான் அனுபவிக்காத பணத்துக்கு நான் ஏன் வரி கட்டணும்?”

இந்தக் கேள்வியை நம் உச்ச நீதிமன்றம் 1961-லேயே கேட்டு முடித்துவிட்டது. சீதல்தாஸ் தீரத்தாஸ் என்ற பம்பாய்க்காரர், மனைவி மக்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி கொடுத்த ஜீவனாம்சத்தைத் தன் வருமானத்தில் கழிக்க வேண்டும் என்றார். நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு அதை மறுத்தது. மடையிலேயே அடுத்தவர் வயலுக்குத் திருப்பிவிட்ட தண்ணீர் வேறு, உங்கள் தொட்டி நிறைந்த பிறகு நீங்கள் மொண்டு கொடுக்கும் தண்ணீர் வேறு. சீதல்தாஸ் கொடுத்தது இரண்டாம் வகை. வருமானம் முதலில் அவருடையதாகிறது, பிறகுதான் கடமைக்காகக் கொடுக்கிறார். அதனால் வரி முழுவதும் அவர் தலையில்.

முதல் வகைக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அது இன்னும் பழையது. பிஜய் சிங் துதூரியா என்ற வங்காளத்து ராஜா தன் சிற்றன்னைக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகைக்காகச் சொத்தின் மீதே பாத்தியதை ஏற்படுத்தி நீதிமன்றம் தீர்ப்பு எழுதியிருந்தது. அந்தப் பணம் ராஜாவின் வருமானமே அல்ல என்று 1933-இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது. அப்படியானால் நாமும் வீட்டின் மீது ஒரு பாத்தியதை எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று முன்வரிசையில் இருக்கும் இளம் வழக்கறிஞர்கள் யோசிப்பது தெரிகிறது. வாடகைக் கட்டடம் இருந்தால் யோசிக்கலாம். துறை சும்மா விடாது, சீதல்தாஸைத் தூக்கிக் காட்டும். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வழியே கிடையாது.

அடுத்து, வாங்கும் தாய். ஜீவனாம்சத்துக்கென்று வருமான வரிச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. தீர்ப்புகளை வைத்துத்தான் நடக்கிறது. பிரதாப்கர் இளவரசி மகேஷ்வரி தேவியின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980-களில் சொன்னதே இன்றைக்கும் அடிப்படை. மொத்தமாக வாங்கினால் அது மூலதன வரவு, வரி இல்லை. மாதாமாதம் வாங்கினால் அது வருமானம், வரி உண்டு. மொத்தத் தொகையைத் தவணையாகக் கொடுப்பதானால், முதலில் மொத்தத்தை எழுதி, இவை அதன் தவணைகள் என்று ஒப்பந்தத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தவணையும் மாதப் பணம் மாதிரியே தெரியும்.

கவனியுங்கள், மாதப் பணத்துக்குக் கொடுப்பவரும் வரி கட்டுகிறார், வாங்குபவரும் கட்டுகிறார். 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் கற்பனை, கணக்கு நிஜம்.

தகப்பன் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். நிலையான கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 24 லட்சம். தாய் தனியார் பள்ளி ஆசிரியை. கழிவு போக 8 லட்சம். 12 லட்சம் வரை ரிபேட் உண்டு என்பதால் அவருக்கு வரி இல்லை. பெண் ஐந்தாம் வகுப்பு, தாயோடு இருக்கிறாள். “மனுதாரருக்கும் மைனர் மகளுக்கும் சேர்த்து மாதம் 40,000 ரூபாய்” என்று உத்தரவு. வருஷத்துக்கு 4,80,000.

தகப்பன் அந்த 4,80,000-க்குத் தன் ஸ்லாபில், செஸ் சேர்த்து, 1,20,640 ரூபாய் கட்டுகிறார். தாயின் வருமானம் 8 லட்சத்திலிருந்து 12 லட்சத்து 80 ஆயிரமாக ஏறுகிறது. அந்த அளவில் ரிபேட் மொத்தமாகப் போய்விடுகிறது. நேற்று வரை ஒரு பைசா வரி கட்டாத ஆசிரியை இன்று 74,880 ரூபாய் கட்ட வேண்டும். ஒரே பணத்தில் அரசுக்குப் போனது ஏறத்தாழ ஒரு லட்சத்து 95 ஆயிரம். ஒரு பெண் குழந்தையின் ஓராண்டுப் பள்ளிச் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது அந்த உத்தரவின் வாசகத்தை மட்டும் மாற்றுங்கள். “மனுதாரருக்கு மாதம் 25,000, மைனர் மகளின் பராமரிப்புக்கு மாதம் 15,000.” தொகை அதே 40,000. தாயின் கணக்கில் சேர்வது 3 லட்சம்தான். மொத்தம் 11 லட்சம், ரிபேட்டுக்குள் அடங்குகிறது, வரி இல்லை. தகப்பன் தன் மகளுக்குச் செய்யும் கடமையைத் தாயின் வருமானம் என்று சொல்ல ஆதாரம் மெலிது என்பது என் கருத்து. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் பணத்துக்கு நன்கொடை வரியும் இல்லை. விவாகரத்து ஆனாலும் தகப்பன் உறவினர்தான். துறை மறுத்தால் வாதாடலாம். ஒரே தொகையாக எழுதிவிட்டால் வாதாடவே வழியில்லை. பள்ளிக் கட்டணத்தைத் தகப்பனே நேராகப் பள்ளிக்குக் கட்டுவது என்று எழுதினால் இன்னும் நல்லது. இதைச் சொன்னால் சில தாய்மார்களுக்குப் பிடிப்பதில்லை, கட்டாமல் இழுத்தடிப்பார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. கட்டத் தவறினால் தாயின் கணக்குக்கு உடனே பணம் வர வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. தாய் தனக்குள்ள ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் பராமரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் அதிகாரமில்லை, தகப்பனுக்கும் இல்லை. எல்லாம் பைசல் என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டு வரும் ஒப்பந்தங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி, எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். அது பிள்ளையின் பெயரில் போடும் டெபாசிட்.

1992 வரை பணக்காரர்கள் வருமானத்தைப் பிள்ளைகள் பெயரில் பிரித்து வைத்து வரியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். மைனர் பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கச் சொல்லும் 64(1ஏ) பிரிவு அப்போது வந்தது. பிள்ளை தானே உழைத்தோ திறமையைக் காட்டியோ சம்பாதித்தால் சேர்க்க வேண்டாம். சினிமாவில் நடிக்கும் குழந்தை ஓர் உதாரணம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் விலக்கு உண்டு. மற்றபடி திருமண பந்தம் இருக்கும் வரை, தாய் தகப்பன் இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேரும். பந்தம் இல்லை என்றால், அந்த ஆண்டில் பிள்ளையை யார் பராமரிக்கிறாரோ அவரோடு சேரும். பணம் போட்டது யார் என்று சட்டம் கேட்பதில்லை.

நம் ஆசிரியையின் கதையையே தொடருவோம். தகப்பன் தாராள மனசுக்காரர். மகள் பெயரில் வங்கியில் 30 லட்சம் டெபாசிட் போடுகிறார். 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 2,10,000. மகள் தாயின் பராமரிப்பில் இருக்கிறாள், ஆகவே வட்டி தாயின் வருமானத்தில் சேர்கிறது. 11 லட்சம் 13 லட்சத்து 10 ஆயிரம் ஆகிறது. ரிபேட் போய், வரி 79,560. வாசகத்தை மாற்றி மிச்சப்படுத்தியது எல்லாம் இங்கே கரைந்துவிட்டது. மகள் 18 வயதில் எடுக்கப்போகும் பணம், அதுவரை தாய் தொடவே முடியாத பணம். வரி மட்டும் தாய்க்கு. இதற்குச் சட்டம் தரும் ஆறுதல், பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு. அந்த 1,500 ரூபாய் 1992-இல் வைத்தது, அப்படியே கிடக்கிறது. புதிய முறையில் அதுவும் இல்லை.

வங்கியில் இன்னொரு கூத்து. டெபாசிட் போட்டவர் தகப்பன், கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவரும் தகப்பன், ஆகவே பான் எண்ணும் அவருடையது. வட்டி 50,000-ஐத் தாண்டுவதால் வங்கி 10 சதவீத டிடிஎஸ் பிடிக்கிறது. 21,000 ரூபாய் தகப்பன் கணக்கில் வரவாகிறது, வட்டியும் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரிகிறது. சட்டப்படி காட்ட வேண்டியவர் தாய். அவர் காட்டினால் டிடிஎஸ் வரவு கிடைக்காது. காட்டாவிட்டால் அது தவறு. தகப்பன் காட்டாவிட்டால் அவருக்கு மின்னஞ்சல் வரும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. இதற்கு வழி இருக்கிறது. வருமான வரி விதிகளில் 37பிஏ என்று ஒன்று உண்டு. வருமானம் வேறொருவர் கணக்கில் சேர வேண்டியது என்று அந்தப் பெயர், பான் எண்ணோடு வங்கிக்கு எழுதிக் கொடுத்தால், டிடிஎஸ்ஸை அவர் பெயரில் வரவு வைக்க வேண்டும். கிளை மேலாளர் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டியன் விஷயத்தில் வங்கிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1980-களில் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவர் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி திருப்பி அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1999-இல் தீர்ப்பு வந்தது. அதோடு சேர்த்து விசாரித்த இன்னொரு வழக்கு, விவாகரத்து நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதியுடையது. தகப்பன் உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் காரியங்களில் அவர் இல்லாத நிலையில் தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்பது தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் கணக்கை, தாயைக் காப்பாளராகப் போட்டு, தாயின் பான் எண்ணில் தொடங்குங்கள்.

டெபாசிட்டுக்குப் பதில் வேறு எங்கே போடலாம்? பெண் பிள்ளைக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். வட்டிக்கே வரி இல்லை என்பதால் யாரோடும் சேர்க்க வேண்டிய பேச்சு எழாது. பெரிய தொகையானால், ஆண்டுதோறும் வட்டி தராத, விற்றால் மட்டும் லாபம் கணக்காகும் வளர்ச்சி வகை மியூச்சுவல் பண்ட் யோசிக்கத் தக்கது. பிள்ளைக்கு 18 ஆன பிறகு விற்றால் லாபம் பிள்ளையுடையது. சந்தை ஏறும் இறங்கும், அந்தப் பொறுப்பு உங்களுடையது.

பிள்ளையைப் ‘பராமரிப்பவர்’ யார் என்பதைச் சட்டம் விளக்கவே இல்லை. பிள்ளை இருப்பது தாயிடம், செலவு முழுக்கத் தகப்பனுடையது என்றால் யார்? வாரத்தில் நான்கு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்றால்? ஒருமுறை ஒருவர் கணக்கில் சேர்த்துவிட்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர் கணக்கிலேயே தொடரும்; மாற்ற வேண்டுமானால் மதிப்பீட்டு அதிகாரி காரணம் கேட்டுத் திருப்தி அடைய வேண்டும். ஆகவே முதல் வருஷ ரிட்டர்னை அலட்சியமாகப் போடாதீர்கள். பராமரிப்பவர் யார் என்று ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி எழுதுங்கள். வரி குறைவாக வரும் பக்கம் அந்தப் பெயரை வைக்க முடியுமா என்றும் பாருங்கள். உண்மைக்கு மாறாக எழுதச் சொல்லவில்லை.

சொத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனைவி பெயருக்குச் சும்மா எழுதிக் கொடுத்த வீட்டின் வாடகை கணவன் கணக்கில் சேரும் என்பது பொது விதி. பிரிந்து வாழும் உடன்பாட்டின்படி எழுதியதற்கு அந்த விதி பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. அந்த உடன்பாட்டைப் பத்திரத்தில் குறிப்பிடுங்கள். தீர்ப்புக்குப் பிறகு கணவன் மனைவி உறவே இல்லை. நன்கொடை என்று எழுதினால் உறவினர் அல்லாதவரிடமிருந்து வந்த சொத்து என்று வரி போட இடம் கொடுக்கிறீர்கள். ஜீவனாம்சத்துக்கு ஈடாக என்று எழுதுங்கள். மாதப் பணத்தைவிட வாடகை வரும் கட்டடத்தையே தாய்க்குக் கொடுப்பது பல குடும்பங்களுக்கு நல்ல வழி என்பது என் அனுபவம். வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. வரி ஒரே இடத்தில், குறைந்த விகிதத்தில் முடிந்துவிடும். மாதாமாதம் பணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

பழைய முறையில் இருப்பவர்களுக்கு 80சி பிரிவின்கீழ் டியூஷன் பீஸ் கழிவு உண்டு. யார் கட்டினாரோ அவருக்குத்தான். பணம் யார் கணக்கிலிருந்து போனது என்று பாருங்கள். முன்னாள் மனைவிக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்குக் கழிவு கிடையாது.

நம் பிள்ளைகள் பாதிப் பேர் அமெரிக்காவில் இருப்பதால் அங்கத்து நிலையையும் ஒரு வார்த்தை. அங்கே 1942 முதல், ஜீவனாம்சம் கொடுப்பவர் கழித்துக்கொள்வார், வாங்குபவர் வரி கட்டுவார். 2018-க்குப் பிறகு முடிந்த விவாகரத்துகளில் அது தலைகீழ். கொடுப்பவர்தான் கட்ட வேண்டும், வாங்குபவருக்கு வரி இல்லை. குழந்தைக்கான வரிச் சலுகை, ஆண்டில் அதிக இரவுகள் பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பவருக்கு. அவர் எழுதிக் கொடுத்தால் மற்றவருக்குப் போகும். குறை நிறை எப்படியோ, ஒரே பணத்துக்கு ஒரு முறைதான் வரி.

குடும்ப நல நீதிமன்றத்தில் ரிட்டர்னின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. 2020-இல் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. வருமான வரி ரிட்டர்னும் அதில் அடக்கம். வீட்டுக் கடனுக்கு வங்கியிடம் காட்டிய வருமானம் ஒன்று, நீதிமன்றத்தில் காட்டும் வருமானம் ஒன்று என்று வைத்திருக்கும் வியாபாரிகள் இப்போது மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. இப்போது தாக்கல் செய்யும் 2025-26 கணக்குக்குப் பழைய சட்டமே செல்லும் என்பதால் பழைய எண்களைச் சொன்னேன். பிள்ளையின் வருமானத்தைச் சேர்க்கும் விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

கடைசியாக, பிள்ளைக்கு 18 வயது ஆகும் ஆண்டு. பிறந்தநாள் வரை வந்த வட்டி பராமரித்தவர் கணக்கில், அதற்குப் பிறகு வந்தது பிள்ளையின் சொந்தக் கணக்கில். வங்கி ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்தான் தரும்; பிறந்தநாளை வைத்துப் பிரித்துக் காட்டுவது உங்கள் வேலை. பிள்ளையின் பான் அட்டை மைனராக வாங்கியதாக இருந்தால், அதில் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது, மாற்ற விண்ணப்பியுங்கள். கணக்கைப் பிள்ளையே இயக்கும்படி வங்கியில் மாற்றுங்கள். அதற்கும் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று கவுண்டரில் சொன்னால், மேஜரான பிள்ளைக்கு எந்தக் காப்பாளரும் தேவையில்லை என்று எழுத்தில் கேளுங்கள். இனி உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.